ஆயிரம் முட்டை, அறுபது மீன்: திண்டுக்கல் வெயிலில் ஒரு கோல்டு ஃபிஷ் தொட்டி

இன்னிக்கு எபிசோடு ஒரு கணக்குல இருந்து ஆரம்பிக்குது. எனக்கு வர்ற மெசேஜ்ல அடிக்கடி பார்க்கிற கணக்கு இது: "ஒரு தாய் மீன் ஆயிரம் முட்டை போடும். குஞ்சு ஒண்ணு பத்து ரூபாய்னு வச்சாலும் பத்தாயிரம். மூணு தாய் மீன் வச்சா முப்பதாயிரம். வீட்டுக்குப் பின்னாடி இடம் சும்மாதான் கிடக்கு. பண்ணலாமா ப்ரோ?"

கணக்குல பெருக்கல் சரியாத்தான் இருக்கு. ஆயிரம் முட்டைங்கறதும் பொய் இல்லை. நல்லா வளர்ந்த கோல்டு ஃபிஷ் ஒரே காலையில் ஆயிரத்துக்கு மேலயும் போடும். ஆனா இந்தக் கணக்குல ஒரு வரி விட்டுப்போயிருக்கு. அந்த ஆயிரமும் எங்கே இருக்கப்போகுதுங்கற வரி. கோல்டு ஃபிஷ் முட்டை போடவைக்கிறது பெரிய வித்தை இல்லை. பொரிச்சு வர்ற கூட்டத்தை என்ன பண்றதுங்கறதுதான் விஷயமே.

நான் இருக்கிறது திண்டுக்கல் டவுன்ல. வீட்டுக்குப் பின்னாடி, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, பத்தடி நீளம், ஆறடி அகலம், ரெண்டடி ஆழத்துல ஒரு சிமெண்ட் தொட்டி. முழுசா நிரப்பினா கிட்டத்தட்ட 3,400 லிட்டர் பிடிக்கும். கேட்க பெருசாத் தெரியும். வளர்ற கோல்டு ஃபிஷ்ஷுக்கு இது அறுபது மீன் அளவுக்கான இடம். அதுக்கு மேல போனா தண்ணி தாங்காது. அந்த அறுபதை மனசுல வச்சுக்கோங்க.

தங்கமீன் தங்கமா பிறக்காது

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். கோல்டு ஃபிஷ் குஞ்சு தங்க நிறத்துல இருக்காது. சாம்பலும் பழுப்பும் கலந்து, நம்ம வாய்க்கால்ல பார்க்கிற கெண்டைக் குஞ்சு மாதிரிதான் இருக்கும். ரெண்டு மூணு மாசத்துல தோல்ல இருக்கிற கருப்பு நிறமிச் செல்கள் மெல்ல அழிஞ்சு, அடியில இருக்கிற ஆரஞ்சு வெளியே தெரியும். வயித்துப் பக்கம் ஆரம்பிச்சு முதுகுக்கு ஏறும். தண்ணி வெதுவெதுப்பா இருந்தா சீக்கிரம் மாறும். சில மீன் கடைசிவரை மாறவே மாறாது.

ஏன்னா இது அடிப்படையில சீனாவோட ஒரு கெண்டை வகை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அங்கே அதைச் சாப்பாட்டுக்கு வளர்த்தாங்க. எப்பவாவது ஒண்ணு ரெண்டு சிவப்பா, மஞ்சளா பிறக்கும். பௌத்தர்கள் உயிரை விடுவிக்கிறது புண்ணியம்னு கோயில் குளங்கள்ல மீன் விடுற வழக்கம் வச்சிருந்தாங்க. இந்த வித்தியாசமான நிறத்து மீன்களைச் சட்டியில போடாம குளத்துல விட்டாங்க. அங்கே அதுக ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருகுச்சு. சோங் அரச காலத்துல பணக்காரங்க தனிக் குளம் வெட்டி வளர்க்க ஆரம்பிச்சாங்க. மிங் காலத்துல பீங்கான் தொட்டிக்குள்ள, வீட்டுக்குள்ள வந்துடுச்சு. அப்புறம் ஜப்பான், பதினேழாம் நூற்றாண்டுல ஐரோப்பா.

தொட்டிக்குள்ள வந்ததுக்கு அப்புறம்தான் ரெட்டை வால், உருண்டை உடம்பு, பிதுங்கின கண்ணு எல்லாம் நிலைச்சது. குளத்துல அப்படி ஒரு மீன் பிறந்தா கொக்கு முதல்ல அதைத்தான் தூக்கும். மனுஷன் காவல் இருந்ததால பிழைச்ச உருவங்கள் இதெல்லாம்.

அந்த ரெட்டை வாலுக்குக் காரணம் என்னன்னு 2014-ல ஜப்பான், தைவான் பக்கம் இருக்கிற ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. கார்டின்னு ஒரு ஜீன்ல நடந்த ஒரே ஒரு மாற்றம். இது நமக்கு எதுக்குன்னா, அந்த மாற்றம் அப்பா அம்மா ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்தாத்தான் வால் ரெண்டாப் பிரியும். கடையில ஒரு ஒராண்டாவும் ஒரு சாதா கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கிட்டு வந்து ஒரே தொட்டியில விட்டா, பொரிக்கிறது பெரும்பாலும் ஒத்தை வால் சாதா மீன்தான். "ஒராண்டா குஞ்சு"ன்னு நீங்க விக்க முடியாது. அதனால முதல் விதி: தொட்டிக்கு ஒரே ரகம்.

வெயில்

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கோல்டு ஃபிஷ் குளிர்தேசத்து மீன். அதுக்குச் சுகமான சூடு இருபதுல இருந்து இருபத்தி நாலு டிகிரி. திண்டுக்கல் சமவெளியில சித்திரை வைகாசியில வெயில் நாற்பதை நெருங்கும். கொடைக்கானல் மலை கண்ணுக்குத் தெரியுற தூரத்துலதான் இருக்கு, ஆனா அந்தக் குளிர் மலையை விட்டு இறங்கி வராது. பக்கத்து ஊர்னு நினைச்சுட்டு யாராவது மலைக் குளத்துல வளர்க்கிற முறையை அப்படியே இங்கே பண்ணினா, மீன் தாங்காது.

கோல்டு ஃபிஷ் பத்தி இணையத்துல ரொம்பப் பிரபலமான ஒரு தகவல் உண்டு. உறைஞ்ச ஏரிக்கு அடியில, ஆக்சிஜனே இல்லாம மாசக்கணக்குல உயிரோட இருக்கும்னு. அது உண்மை. உடம்புல சேர்ற லாக்டிக் அமிலத்தை அது சாராயமா மாத்தி செவுள் வழியா வெளியே விட்டுடுது. ஓஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழகங்கள்ல இருக்கிறவங்க அந்த வேலையைச் செய்யுற புரதத்தை 2017-ல அடையாளம் காட்டினாங்க. ஆனா அது உடம்பு ஏறக்குறைய அணைஞ்சு கிடக்கிற பூஜ்ஜியம் டிகிரி குளிர்ல நடக்குற வித்தை. முப்பத்தி நாலு டிகிரி தண்ணியில மீனோட உடம்பு முழு வேகத்துல ஓடுது, மூச்சும் அதிகம் வேணும். தண்ணி என்ன பண்ணுது? இருபது டிகிரியில லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிச்சு வைக்கிற தண்ணி, முப்பது டிகிரியில ஏழரைதான் பிடிக்கும். தேவை ஏறும்போது கையிருப்பு இறங்குது. "கோல்டு ஃபிஷ் எதையும் தாங்கும்"னு கடைக்காரர் சொன்னா, சித்திரை மாசத்துக்கு அது பொருந்தாது.

இதுல இன்னொரு சிக்கல் பச்சைத் தண்ணி. வெயில்ல கிடக்கிற தொட்டி ரெண்டு வாரத்துல பச்சையாயிடும். அது நுண்பாசி. குஞ்சுக்கு அது சாப்பாடு, நல்லதுதான். பகல்ல ஆக்சிஜனை வாரிக் கொடுக்கும். ஆனா ராத்திரி அதுவும் சேர்ந்து சுவாசிக்கும். விடியக்காலை நாலு, அஞ்சு மணிக்குத் தொட்டியில ஆக்சிஜன் அடிமட்டத்துல இருக்கும். மீன் செத்துக் கிடக்கிறதைக் காலையில பார்த்துட்டு "நேத்து சாயங்காலம் நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு சொல்றவங்க எல்லாருக்கும் நடந்தது பெரும்பாலும் இதுதான். ஏரேட்டரைப் பகல்ல போட்டு ராத்திரி கரண்ட் மிச்சம் பண்றது தலைகீழ் வேலை. ராத்திரிதான் ஓடணும். கரண்ட் போற ஊர்ல இருக்கிறவங்க பேட்டரியில ஓடுற சின்ன ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. விலை அதிகம் இல்லை.

தொட்டிக்கு மேல பச்சை நிழல்வலை கட்டிடுங்க. பாதி வெயிலை மறைக்கிற வலை போதும். முழுசா மூடினா பாசியும் வளராது, மீனுக்கு நிறமும் ஏறாது. வலை இன்னொரு உபகாரமும் பண்ணும். மடையானும் மீன்கொத்தியும் மேலே உட்கார்ந்து எட்டிப்பார்த்துட்டுப் போயிடும். பூனைக்கு மட்டும் ஓரத்தைக் கல்லு வச்சு அழுத்தி வைக்கணும்.

தண்ணி எங்கிருந்து வருது

திண்டுக்கல்ல இது சாதாரணக் கேள்வி இல்லை. இந்த ஊருக்குப் பூட்டு மட்டும் பேர் இல்லை, தோலுக்கும் பேர். தோல் பதனிடுற தொழில் பல வருஷமா நடந்த பகுதிகள்ல நிலத்தடி நீர் உப்பேறிப் போனதைப் பத்தி எத்தனையோ ஆய்வுகள் வந்திருக்கு. அந்தப் பக்கம் இல்லாட்டியும் போர் தண்ணி பொதுவா கடுசுதான். குடத்துல வெள்ளையா படியுற ஊர்.

கடுசுத் தண்ணி கோல்டு ஃபிஷ்ஷைக் கொல்லாது. கெண்டை இனம், ஓரளவு தாங்கும். ஆனா போர் தண்ணியை மட்டும் ஊத்தி ஊத்தி வெயில்ல காயவிட்டா உப்பு ஏறிக்கிட்டே போகும். தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது. அதனால குறையுற அளவுக்கு மட்டும் ஊத்தினா பத்தாது. கொஞ்சத்தை வெளியே எடுத்துட்டு ஊத்தணும். எடுக்கிற தண்ணியை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விடுங்க. மீன் கழிவு நல்ல உரம்.

குழாய்த் தண்ணியில வேற பிரச்சினை, குளோரின். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணியோ காவிரித் தண்ணியோ, குளோரின் போட்டுத்தான் வீட்டுக்கு வரும். மனுஷனுக்கு நல்லது, மீன் செவுளுக்கு ஆகாது. ஒரு டிரம்ல பிடிச்சு ஒரு நாள் திறந்து வச்சுட்டு அப்புறம் ஊத்துங்க. எல்லாத்தையும்விட நல்லது மாடியில இருந்து வர்ற மழைத்தண்ணி. முதல் மழையை விட்டுட்டு ரெண்டாவது மழையில இருந்து பிடிச்சுக்கலாம்.

கடுசுத் தண்ணியால வர்ற மறைமுகத் தொல்லை ஒண்ணு இருக்கு. மீன் கழிவுல இருந்து அம்மோனியா வரும். தண்ணியோட பி.எச். ஏழா இருந்தா அதுல நூத்துல ஒரு பங்குகூட விஷமா இருக்காது. எட்டுக்குப் போனா சுமார் அஞ்சு பங்கு. ஒன்பதுக்குப் போனா மூணுல ஒரு பங்குக்கு மேல விஷம். அதே கழிவு, அதே மீன். நம்ம ஊர்த் தண்ணி ஏற்கனவே எட்டுப் பக்கம். பச்சைத் தொட்டியில மத்தியானம் அது இன்னும் ஏறும். அதனால மத்தியானச் சாப்பாட்டை அள்ளிப் போடாதீங்க. கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பையே கிடையாது, குடல் மட்டும்தான். கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சு நிமிஷத்துல தீர்ற அளவு.

புது சிமெண்ட் தொட்டி கட்டினவங்களுக்கு ஒரு வார்த்தை: சுண்ணாம்பு இறங்குற வரைக்கும் மீன் விடாதீங்க. நிரப்பி, வடிச்சு, நிரப்பி, வடிச்சு மூணு நாலு வாரம் போகட்டும். வாழைத்தண்டை வெட்டி ஊறப்போடறது நம்ம பக்கத்துப் பழக்கம். அவசரம்னா தார்ப்பாய்த் தொட்டி போட்டுடலாம்.

முட்டை போடுற காலை

இங்கே நல்ல காலம் ஐப்பசியில மழை பிடிச்சதுல இருந்து மாசி வரைக்கும். திண்டுக்கல்லுக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான். மழையும் குளிர்ந்த ராத்திரியும் சேர்ந்து வர்ற அந்த மாசங்கள்தான் மீனுக்குச் சைகை.

ஆணையும் பெண்ணையும் பிரிச்சுப் பார்க்க ஒரு வயசாவது ஆகணும். அந்தச் சமயத்துல ஆண் மீனோட செவுள் மூடியிலும் முன் துடுப்பு ஓரத்துலயும் வெள்ளை வெள்ளையா புள்ளி வரும். நிறைய பேர் அதை நோய்னு நினைச்சு மருந்து ஊத்துவாங்க. நோயா இருந்தா புள்ளி உடம்பு பூரா, வால் வரைக்கும் சிதறி இருக்கும். இது ஒழுங்கா, வரிசையா, அந்த ரெண்டு இடத்துல மட்டும். தொட்டுப் பார்த்தா சொரசொரன்னு இருக்கும். பெண் மீனை மேலே இருந்து பார்த்தா வயிறு ஒரு பக்கம் கொஞ்சம் சாஞ்ச மாதிரி பருத்திருக்கும்.

ரெண்டையும் பத்துப் பதினஞ்சு நாள் தனித்தனியா வச்சு நல்லா தீனி கொடுங்க. மண்புழுவைக் கழுவி நறுக்கிப் போட்டா போதும். அப்புறம் ஒரு சாயங்காலம், ஒரு பெண்ணுக்கு ரெண்டு ஆண்னு ஒரே தொட்டியில விட்டுட்டு, மூணுல ஒரு பங்கு தண்ணியை எடுத்துட்டுக் குளிர்ந்த புதுத் தண்ணி ஊத்துங்க. மழைத்தண்ணியா இருந்தா ரொம்ப நல்லது. மழை வந்துடுச்சுன்னு மீனுக்குச் சொல்றோம், அவ்வளவுதான். பெரும்பாலும் மறுநாள் விடியும்போதே ஆரம்பிச்சிடும்.

அதுக்கு முன்னாடி முட்டை ஒட்ட ஏதாவது வேணும். பச்சை நைலான் கயிறைப் பிரிச்சு, துடைப்பக் குஞ்சம் மாதிரி கட்டித் தொங்கவிடலாம். வேலம்பாசி போடலாம். ஆகாயத்தாமரையோட வேர் அருமையான இடம், ஆனா அந்தச் செடியை வேலை முடிஞ்சதும் வெயில்ல காயவச்சு எரிங்க. எந்த வாய்க்கால்லயும் வீசாதீங்க.

ஆண் மீன் ரெண்டும் பெண்ணைத் துரத்தி, வயித்துல முட்டி முட்டி, அந்தக் குஞ்சத்துக்குள்ள தள்ளும். ரெண்டு மூணு மணி நேரம் தொட்டியே கலங்கும். முட்டை ஒண்ணரை மில்லிமீட்டர் இருக்கும், கண்ணாடி மாதிரி, லேசான மஞ்சள். எங்கே பட்டாலும் ஒட்டிக்கும். முடிஞ்ச அடுத்த நிமிஷமே அப்பா அம்மா ரெண்டு பேரும் திரும்பி வந்து அதையே சாப்பிட ஆரம்பிப்பாங்க. பாசம் எல்லாம் கிடையாது.

முட்டை எடுக்கிற எல்லா வழிகாட்டியும் இந்த இடத்துல "உடனே குஞ்சத்தை எடுத்துக் காப்பாத்துங்க"ன்னு சொல்லும். நான் கொஞ்சம் மாத்திச் சொல்வேன். நாலு குஞ்சம் தொங்கவிட்டிருந்தா ஒண்ணை மட்டும் எடுங்க. மிச்ச மூணையும் அதுககிட்டயே விட்டுடுங்க. முட்டையா இருக்கும்போது அது நல்ல புரதம், தாய் மீனுக்கே திரும்பிப் போகுது. ரெண்டு மாசம் கழிச்சு அதே எண்ணிக்கை மீனா உங்க முன்னாடி நிக்கும்போது, கையில எந்த நல்ல வழியும் இருக்காது. எத்தனை வளர்க்கப்போறோம்னு முடிவு பண்ண வேண்டிய நாள் இந்தக் காலைதான்.

எடுத்த குஞ்சத்தை அதே தொட்டித் தண்ணி ஊத்தின வேற டப்பில போட்டு, மெதுவா காத்து விடுங்க. வெள்ளையா மாறுற முட்டை கரு சேராதது. பூஞ்சை பிடிச்சு பக்கத்துல இருக்கிறதுக்கும் பரவும், அதனால பொறுக்கி எடுத்துடணும். தண்ணி இருபத்தஞ்சு டிகிரி சுமாருக்கு இருந்தா மூணு நாள்ல பொரிக்கும்.

குஞ்சு

முதல் ரெண்டு நாள் குஞ்சு கண்ணாடியில ஒட்டின தூசி மாதிரி தொங்கும். வயித்துல மஞ்சள் பை இருக்கு, சாப்பாடு வேண்டாம். நீந்த ஆரம்பிச்சதும்தான் வேணும். அப்ப உங்க பச்சைத் தண்ணி கைகொடுக்கும், அதுல இருக்கிற நுண்ணுயிர்தான் முதல் சாப்பாடு. அடுத்து ஆர்டீமியா. கடையில சின்ன டப்பாவுல முட்டையா கிடைக்கும், உப்புத் தண்ணியில போட்டு காத்து விட்டா ஒரு நாள்ல பொரிக்கும். வேகவச்ச முட்டை மஞ்சக்கருவைக் கரைச்சு ஊத்தறது பழைய முறை. கொஞ்சம் அதிகமானாலும் தண்ணி நாறிடும், எனக்குப் பிடிக்காது. மூணாவது வாரத்துல இருந்து கடலைப் புண்ணாக்கும் தவிடும் சலிச்ச தூளாப் போடலாம்.

இந்த வயசுல பெரிய எதிரி தும்பிக் குஞ்சு. தும்பி தொட்டியில முட்டை போட்டுட்டுப் போயிடும், அதோட குஞ்சு தண்ணிக்கு அடியில உட்கார்ந்து மீன் குஞ்சைப் பிடிச்சுத் தின்னும். கொசுவுக்காகக் கிணத்துல விடுற கம்பூசியா மீனையும் இதோட சேர்க்காதீங்க. அது குஞ்சையும் தின்னும், பெரிய மீனோட வாலையும் கடிக்கும். கொசுவைப் பத்திக் கவலை வேண்டாம். கோல்டு ஃபிஷ்ஷே கொசுப் புழுவை விடாது.

ரெண்டு வாரத்துல வால் தெரியும். அப்ப உட்கார்ந்து பிரிக்கணும். வெள்ளைக் கிண்ணத்துல பத்துப் பத்தா எடுத்து மேலே இருந்து பார்த்தா, முதுகு வளைஞ்சது, வால் கோணலானது, ஒரு பக்கமா சாஞ்சு நீந்துறது எல்லாம் தெரியும். ரெட்டை வால் ரகம்னா கழிவு அதிகம், சாதா ரகம்னா குறைவு. புதுசா ஆரம்பிக்கிறவங்க சாதா கோல்டு ஃபிஷ் அல்லது காமெட் ரகத்தோட ஆரம்பிங்கன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம். நம்ம வெயிலையும் அதுகதான் தாங்கும். உருண்டை மீனுக்குக் கொஞ்சம் ஆக்சிஜன் குறைஞ்சாலே மூச்சு வாங்கும்.

கழிச்ச குஞ்சை என்ன பண்றது? இதைப் பத்திப் பேசத் தயங்கக்கூடாது. ரெண்டு வாரக் குஞ்சைப் பெரிய மீன் தொட்டியில போட்டா அடுத்த நொடி முடிஞ்சிடும். வளர்ந்துட்டா கிராம்பு எண்ணெய்தான் வலி இல்லாத வழி. முதல்ல சில துளிகள்ல மயங்கும், அப்புறம் அளவைக் கூட்டினா மூச்சு நிக்கும். சாக்கடையில ஊத்தறதும், ஃபிரீசர்ல உயிரோட போடறதும் வேண்டாம். இதைச் செய்ய மனசு வராதவங்களுக்காகத்தான் ஒரே குஞ்சத்தை எடுங்கன்னு முன்னாடியே சொன்னேன்.

"குளத்துல விட்டுடு தம்பி"

எங்க பக்கத்து வீட்டு அக்கா சுவத்துக்கு மேல எட்டிப் பார்த்து ஒரு நாள் கேட்டாங்க: "ஏன் தம்பி, இத்தனை நல்ல குஞ்சைக் கழிக்கிற? கோட்டைக் குளத்துல கொண்டுபோய் விட்டா புண்ணியமாப் போகும்ல?"

"அக்கா, விட்டா இது மட்டும் பிழைக்கும். அங்கே இருக்கிறது பிழைக்காது."

"ரெண்டு விரல் தண்டி மீனு, அது என்ன பண்ணப்போகுது?"

நல்ல கேள்வி. ஒரு அடிக்கு மேல வளரும்ங்கறதுதான் பதில். கண்ணாடித் தொட்டியில குள்ளமா நிக்கிற மீன், இடமும் தீனியும் கிடைச்சா வளர்ந்துகிட்டே போகும். அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல பர்ன்ஸ்வில்னு ஒரு ஊர். 2021 ஜூலையில அங்கே இருக்கிற கெல்லர் ஏரியில இருந்து கால்பந்து அளவு கோல்டு ஃபிஷ்களைப் பிடிச்சு, "தயவு செஞ்சு உங்க மீனை ஏரியில விடாதீங்க"ன்னு நகராட்சி படத்தோட பதிவே போட்டுச்சு. யாரோ பாசத்துல விட்ட செல்ல மீன்கள்தான் அவ்வளவும். அது கெண்டை மாதிரி அடிச்சேத்தைக் கிளறித் தின்னும். தண்ணி கலங்கும், செடிக்கு வெளிச்சம் போகாது, மத்த மீனோட முட்டையையும் சேர்த்துத் தின்னுடும்.

நம்ம ஊர் இதுக்கு விதிவிலக்கு இல்லை. கண்ணாடியைச் சுத்தம் பண்ணும்னு வாங்கி, பெருசானதும் ஏரியில விட்ட சக்கர் மீன் இன்னிக்குத் தமிழ்நாட்டு நீர்நிலைகள்ல வலையைக் கிழிச்சுக்கிட்டுத் திரியுது. மீனவர்கள் கையில அது விலைபோகாத சுமை. இந்தப் பக்கத்துக் குளங்கள் ஒண்ணு நிறைஞ்சு ஒண்ணுக்குப் போற மாதிரி வெட்டினது. மிச்சத் தண்ணி குடகனாத்துல சேரும். குடகனாறு அமராவதியில, அமராவதி காவிரியில. மழை நல்லா பெய்ஞ்ச ஒரு வருஷம் போதும்.

சீனாவுல புண்ணியத்துக்காகக் குளத்துல விட்டதுலதான் இந்த மீனே உருவாச்சுன்னு அக்காகிட்ட சொன்னேன். அவங்க, "அப்ப அவங்க விட்டது சரி, நாம விட்டா தப்பா?"ன்னு கேட்டாங்க. சீனாவுல அது அந்த மண்ணோட மீன், இங்கே வந்தேறின்னு சொன்னேன். அக்காவுக்கு முழுத் திருப்தி இல்லை. நாலு குஞ்சு கேட்டு வாங்கிட்டுப் போய் அவங்க வீட்டுத் தண்ணித்தொட்டியில விட்டிருக்காங்க. அது நல்ல முடிவு.

சரி, பணம்?

கலர் மீன்னா தமிழ்நாட்டுல கொளத்தூர்தான். வட சென்னையில கொளத்தூரும், அதைத் தாண்டித் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களும் சேர்ந்து, வீட்டுக்கு வீடு தொட்டி வச்சு வளர்க்கிற பகுதி. அங்கே எப்படி ஓடுதுன்னு கவனிச்சா நம்ம கணக்குல விட்டுப்போன வரி தெளிவாப் புரியும். ஒரு தொட்டி வச்சிருக்கிறவர் யாரும் இல்லை. வரிசையா பத்து, இருபது, அதுக்கும் மேல. தாய் மீனுக்கு ஒண்ணு, முட்டைக்கு ஒண்ணு, ரெண்டு வாரக் குஞ்சுக்கு ஒண்ணு, பிரிச்ச அளவு அளவுக்கு ஒவ்வொண்ணு. அவங்க வருமானம் முட்டையில இருந்து வரலை, தொட்டிகளோட எண்ணிக்கையில இருந்து வருது. மொத்த வியாபாரி வாசலுக்கு வர்ற தூரத்துலயும் இருக்காங்க.

திண்டுக்கல்ல இருந்து அதைப் பண்ண முடியாதான்னா, முடியும். 2020-ல தொடங்கின பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல "கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகு"ன்னே ஒரு பிரிவு இருக்கு. மொத்தச் செலவு 3 லட்சம் ரூபாய்னு வச்சு, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். இந்த 3 லட்சத்தைப் பாருங்க. அரசாங்கமே கொல்லைப்புறம்னு சொல்ற அளவுக்கு இவ்வளவு ஆகுதுன்னு கணக்குப் போட்டிருக்கு. ஒத்தைத் தொட்டியில வர்ற தொழில் இல்லை இது. 2024-ல மதுரையை அலங்கார மீன் தொகுப்பா ஒன்றிய மீன்வளத் துறை அறிவிச்சிருக்கு. நமக்கு அது ஒரு மணி நேர பஸ். மானியம் இப்ப எந்த நிலையில இருக்குன்னு மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துல நேர்ல போய்க் கேளுங்க. யூடியூப் வீடியோவை நம்பி முன்பணம் கட்டாதீங்க.

ஒரு தொட்டிக்காரருக்கு உண்மையான கணக்கு இப்படி: ஒரு குஞ்சத்துல இருந்து இருநூறு முன்னூறு பொரிக்கும். பிரிச்சு, இழந்தது போக, நிறம் ஏறுற வரைக்கும் அறுபது வளர்க்கலாம். அக்கம்பக்கத்துல, தெரிஞ்ச கடையில கொடுத்தா தீனி, கரண்ட், வலை எல்லாம் தன் செலவைத் தானே பார்த்துக்கும். நிறம் மாறாத பழுப்பு மீன் பத்துப் பதினஞ்சு நிச்சயம் மிஞ்சும், அதை யாரும் வாங்க மாட்டாங்க. என் தொட்டியில இப்ப பதினொண்ணு இருக்கு. சொல்லப்போனா அதுகதான் வெயிலுக்கு அசையாத மீனுங்க.

கடைசியா, வேடசந்தூர்ல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பின கேள்வி: "அண்ணா, எங்க வீட்டுத் தொட்டி திறந்த வெளியில இருக்கு, போர் தண்ணி மட்டும்தான், இப்ப பங்குனி. மீன் வாங்கலாமா?" இப்ப வேண்டாம்மா. தொட்டியைக் கழுவி, வலை கட்டி, மாடித் தண்ணி இறங்குறதுக்கு ஒரு குழாய் போட்டு வை. தண்ணியை நிரப்பிப் பச்சையாக விடு. ஆடி ஆவணியில ஒரே ரகத்துல எட்டுப் பத்து இளம் மீன் வாங்கி விட்டா இடத்துக்குப் பழகிக்கும். அடுத்த வருஷம் ஐப்பசியில அதுக முட்டைக்குத் தயாரா இருக்கும். கோய் மீன் வேணும்னு ரெண்டாவது கேள்வி கேட்டிருந்தே. அதுக்கு ரெண்டடி ஆழம் பத்தாது, அதைத் தனி எபிசோடா பேசுவோம்.